இண்டி கேம்களைக் கடைகள் எப்படித் தேர்ந்தெடுக்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தனியாகவோ நாலைந்து பேராகச் சேர்ந்தோ ஒரு கேம் (இதைத்தான் இண்டி கேம் என்பார்கள்) செய்து, விற்பனைக்கு விட நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. ஸ்டீம் பற்றியே பேச்சு அதிகம் இருக்கும். கணினி கேம்களுக்கு மிகப் பெரிய கடை அதுதான், மற்றக் கடைகள் பலவும் அதைப் பார்த்துத்தான் தங்கள் விதிகளை வகுத்தன.

ஸ்டீமில் என் கேமை யாராவது விளையாடிப் பார்த்து, "இது தேறும், இது தேறாது" என்று முடிவு செய்வார்களா?

திறந்து பார்ப்பார்கள். ஆனால் நல்ல கேமா என்று எடைபோட அல்ல. கேம் ஓடுகிறதா, கண்ட்ரோலர் வேலை செய்யும் என்று கடைப் பக்கத்தில் டிக் அடித்திருந்தால் நிஜமாகவே செய்கிறதா, போட்டிருக்கும் படங்கள் கேமுக்குள்ளிருந்து எடுத்தவைதானா, வன்முறை, ஆபாசம் பற்றி நீங்கள் நிரப்பிய படிவம் உண்மையா என்பதையெல்லாம் சரிபார்ப்பார்கள். இதற்குப் பொதுவாக 3 முதல் 5 வேலை நாள் ஆகும். ஏதாவது தப்பு கண்டால் காரணம் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். திருத்தி மறுபடி அனுப்பலாம்.

கதை அரதப் பழசு, ஐந்தாவது நிமிடத்தில் தூக்கம் வருகிறது என்றெல்லாம் யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

அப்படியானால் ஸ்டீமில் கேம் போடக் கட்டச் சொல்லும் அந்த 100 டாலர் எதற்கு?

கூட்டத்தைக் கொஞ்சமாவது குறைக்க. ஒவ்வொரு கேமுக்கும் தனித்தனியாக 100 டாலர் கட்ட வேண்டும். அந்த கேம் 1,000 டாலர் வருமானம் தொட்டால் கட்டிய பணம் திரும்ப வரும், தொடாவிட்டால் போனது போனதுதான். 2017ல் இந்த முறை வருவதற்கு முன், கட்டணம் எவ்வளவு வைக்கலாம் என்று ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் கேட்டபோது 100 முதல் 5,000 டாலர் வரை பேச்சு அடிபட்டது. 5,000 வைத்திருந்தால் நம் ஊர்ப் பக்கமிருந்து பாதிப் பேர் அப்போதே விலகியிருப்பார்கள்.

கட்டிய அன்றே வெளியிட்டுவிட முடியாது. புதிதாக வருபவர் பணம் கட்டி 30 நாள் காத்திருக்க வேண்டும். 'விரைவில் வருகிறது' என்ற பக்கம் குறைந்தது இரண்டு வாரமாவது பார்வைக்கு இருக்க வேண்டும். இந்த இரண்டு வாரத்தைப் பலர் வெறும் சடங்காக நினைக்கிறார்கள். அது ஏன் தப்பு என்பதைக் கீழே, எந்தக் கேமை முன்னால் காட்டுவது என்ற கேள்வியில் பாருங்கள்.

முன்பெல்லாம் ஸ்டீமில் இடம் கிடைப்பதே பெரிய விஷயம் என்பார்களே?

உண்மைதான். 2003ல் ஸ்டீம் வந்தபோது அது வால்வ் நிறுவனத்தின் சொந்த கேம்களுக்கான அப்டேட் கருவி. வெளியார் கேம்கள் 2005 கடைசியில்தான் நுழைந்தன. முதலில் வந்தவற்றில் 'ராக் டால் குங்ஃபூ', 'டார்வினியா' இரண்டும் இண்டி கேம்கள். அதற்குப் பின் ஏழு வருடம் வால்வ் ஆட்கள் கையால் பொறுக்கி எடுத்தார்கள். அனுப்புவீர்கள், காத்திருப்பீர்கள், 'இல்லை' என்று ஒரு மின்னஞ்சல் வரும். ஏன் இல்லை என்பதற்குப் பெரும்பாலும் விளக்கம் இருக்காது.

மனு குவியக் குவியச் சமாளிக்க முடியாமல், 2012 ஆகஸ்ட் 30 அன்று கிரீன்லைட் என்ற முறையைத் திறந்தார்கள். கேமின் படங்களையும் வீடியோவையும் போட வேண்டும், ஸ்டீம் பயனர்கள் 'வந்தால் வாங்குவேன்' என்று ஓட்டுப் போடுவார்கள். சில நாளிலேயே விளையாட்டுக்குப் போட்ட போலிப் பதிவுகளால் இடம் நிரம்பியது. அதனால் அடுத்த மாதமே 100 டாலர் கட்டணம் வைத்து, அந்தப் பணத்தை 'சைல்ட்ஸ் பிளே' என்ற குழந்தைகள் நலத் தொண்டு அமைப்புக்குக் கொடுத்தார்கள்.

ஓட்டு என்று வந்துவிட்டால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாதா? 'எங்களுக்கு ஓட்டுப் போட்டால் இன்னொரு கேம் இலவசம்' என்று கீகளை, அதாவது கேமைத் திறக்கும் குறியீடுகளை, வாரி இறைத்தார்கள். இன்னொரு பக்கம், ஓட்டுப் போட்டவர்களுக்குத் தெரிந்தது கேம் அல்ல, கேம் பற்றிய வாக்குறுதி. முதல் சுற்றில் தேர்வான பத்தில் 'டவுன்ஸ்' ஒன்று. அதை முடிக்காமலேயே 2014ல் வேலையை நிறுத்திவிட்டார்கள். அதே பத்தில் இருந்த 'கென்ஷி' 2018ல் முழுமையாக வந்து நன்றாக விற்றது. ஓட்டு எண்ணிக்கையை வைத்து இந்த இரண்டையும் 2012ல் யாராலும் பிரித்திருக்க முடியாது.

இதற்கு நடுவே வேறொரு வியாபாரம் கிளம்பியது. ஸ்டீமில் கேம் விளையாடினால் டிரேடிங் கார்டுகள் (சேர்த்து வைக்கும் டிஜிட்டல் படங்கள்) விழும், அவற்றைச் சில காசுக்கு விற்கலாம். சிலர் ஒப்புக்கு ஒரு கேம் செய்து, ஆயிரக்கணக்கான போலிக் கணக்குகளுக்குக் கீயைக் கொடுத்து, கார்டு விற்றே சம்பாதித்தார்கள். அந்தக் கேமை மனிதர் யாரும் விளையாடவே வேண்டியதில்லை! 2017ல் வால்வ் இதை வெளிப்படையாகச் சொல்லி, நிஜமான ஆட்கள் விளையாடுகிறார்கள் என்று உறுதியான பிறகே கார்டு என்று மாற்றியது. அதே ஆண்டு ஜூனில் கிரீன்லைட்டை மூடி, இப்போதுள்ள ஸ்டீம் டைரக்ட் முறைக்கு வந்தார்கள்.

கிரீன்லைட் முழுத் தோல்வி என்றும் சொல்ல முடியாது. அந்த வழியாக வந்த நூற்றுக்கும் மேற்பட்ட கேம்கள் தலா 10 லட்சம் டாலருக்கு மேல் ஈட்டின என்று மூடும்போது வால்வே சொன்னது. அவற்றில் சிலவற்றைத் தாங்களாகவே தேர்ந்தெடுத்திருக்க மாட்டோம் என்றும் ஒப்புக்கொண்டது. வாசலில் ஆள் வைப்பதை அவர்கள் கைவிட்டதற்கு இதுதான் முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

இப்போது எது வேண்டுமானாலும் விற்கலாமா?

2018 ஜூனில் வால்வ் ஒரு அறிவிப்பு வெளியிட்டது. சட்டவிரோதமானது, வேண்டுமென்றே வம்பிழுப்பது, இந்த இரண்டும் தவிர எல்லாவற்றையும் அனுமதிப்போம் என்றது. பள்ளித் துப்பாக்கிச் சூட்டை வைத்து ஒருவர் கேம் செய்து பெரிய சர்ச்சையான கையோடு வந்த அறிவிப்பு அது.

கேட்க எளிமையாக இருக்கிறது, நடைமுறை அப்படி இல்லை. 2019 மார்ச்சில் பாலியல் வன்கொடுமையை மையமாக வைத்த ஒரு கேமை மறுத்தார்கள். அப்போது 'சட்டவிரோதம்' என்றோ 'வம்பு' என்றோ சொல்லவில்லை. அதை விற்பதில் என்னென்ன செலவும் ஆபத்தும் வரும் என்று தெரியவில்லை என்றார்கள். மறுத்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் எழுதி வைத்த விதிக்கு வெளியேயும் ஒரு விதி இருக்கிறது என்பது அன்று தெரிந்தது.

2021ல் என்எஃப்டி (டிஜிட்டல் உரிமைச் சான்று), கிரிப்டோ பரிமாற்றம் உள்ள கேம்களுக்குத் தடை வந்தது. 2024 ஜனவரியிலிருந்து ஏஐ பயன்படுத்தினால் எதற்கு, எப்படி என்று எழுதித்தர வேண்டும். அதில் ஒரு பகுதி கடைப் பக்கத்தில் வாங்குபவர் கண்ணிலும் படும்.

கிரெடிட் கார்டு கம்பெனிகள் கேம்களைத் தடை செய்கின்றன என்பது உண்மையா?

நேரடியாக 'இந்தக் கேமை எடு' என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. ஆனால் விளைவு அதுவாகத்தான் இருந்தது. 2025ல் ஆஸ்திரேலியாவின் 'கலெக்டிவ் ஷவுட்' என்ற அமைப்பு, பாலியல் வன்முறை கேம்களை விற்கும் கடைகளுக்குப் பணப் பரிமாற்றம் செய்து தராதீர்கள் என்று விசா, மாஸ்டர்கார்டு, பேபால் போன்றவற்றுக்குத் திறந்த கடிதம் எழுதியது. ஜூலையில் ஸ்டீம் தன் விதிகளில் புதிதாக ஒன்றைச் சேர்த்தது: பணம் செலுத்தும் நிறுவனங்கள், கார்டு நெட்வொர்க்குகள், வங்கிகள் ஆகியவற்றின் விதிகளை மீறக்கூடியவை விற்பனைக்கு இல்லை. வயது வந்தோருக்கான கேம்கள் பல காணாமல் போயின.

அடுத்த சில நாளில், இண்டி கேம்களை விற்கும் இட்ச் தளம் இன்னும் கடுமையாகப் போனது. பாலியல் உள்ளடக்கம் என்று குறியிட்ட எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் தேடலிலிருந்து எடுத்துவிட்டது. காதல் கதை, தன் பாலின அடையாளம் பற்றிய அமைதியான கதை என்று எதுவெல்லாம் அந்தக் குறியின் கீழ் இருந்ததோ அத்தனையும் சேர்ந்து போயின. மாஸ்டர்கார்டு, நாங்கள் எந்தக் கேமையும் மதிப்பிடவில்லை, கட்டுப்பாடும் விதிக்கவில்லை என்றது. வால்வோ, மாஸ்டர்கார்டு எங்களிடம் நேரடியாகப் பேசவில்லை, நடுவில் உள்ள நிறுவனங்கள் வழியாகத்தான் பேச்சு வந்தது, அவர்கள் காட்டியது மாஸ்டர்கார்டின் விதியைத்தான் என்றது. கேம் செய்தவர் யாரிடம் போய் முறையிடுவது? அதற்குத்தான் பதிலே கிடைக்கவில்லை.

என் கேமில் அப்படி எதுவும் இல்லை. மறுப்பைப் பற்றி நான் ஏன் கவலைப்பட வேண்டும்?

பெரும்பாலும் வேண்டாம். கவலைப்பட வேண்டியது அடுத்த கேள்விக்கு.

உள்ளே வந்த பிறகு எந்தக் கேமை முன்னால் காட்டுவது என்று யார் முடிவு செய்கிறார்கள்?

இன்றைக்கு உண்மையான தேர்வு நடப்பது இங்கேதான். 2024ல் மட்டும் ஸ்டீமில் 18,000க்கும் மேற்பட்ட கேம்கள் வந்தன. ஒரு நாளைக்குச் சராசரி ஐம்பது. சென்சார் சான்றிதழ் வாங்கிய படத்துக்கெல்லாம் தீபாவளிக்குத் தியேட்டர் கிடைத்துவிடுகிறதா என்ன?

வெளியீட்டுக்கு முன்: 'வரவிருக்கும் பிரபல கேம்கள்' என்று முகப்பில் ஒரு பட்டியல் உண்டு. அதில் இடம்பிடிக்க முக்கியம் விஷ்லிஸ்ட், அதாவது எத்தனை பேர் 'வந்தால் சொல்லு' என்று குறித்து வைத்திருக்கிறார்கள் என்பது. இத்தனை ஆயிரம் வேண்டும் என்று டெவலப்பர்கள் மத்தியில் ஒரு எண் சுற்றுகிறது. வால்வ் அப்படி எந்த எண்ணையும் அறிவித்ததில்லை, உங்களோடு அதே வாரம் வருபவர்கள் யார் என்பதைப் பொறுத்து அது மாறும். குறித்து வைத்த ஒவ்வொருவருக்கும் கேம் வெளியாகும் நாளில் மின்னஞ்சல் போகும். பின்னால் 20 சதவீதமோ அதற்கு மேலோ தள்ளுபடி போட்டால் மறுபடி போகும். அதனால்தான் வெளியீட்டுக்கு வெறும் இரண்டு வாரம் இருக்கும்போது கடைப் பக்கத்தைத் திறப்பது வீண் என்கிறேன். ஆறு மாதம், ஒரு வருடம் முன்பே திறப்பவர்கள் காரணமாகத்தான் திறக்கிறார்கள்.

வெளியான பிறகு: விற்ற பணம். இதை வால்வ் மறைப்பதே இல்லை. முதல் சில நாளில் எவ்வளவு விற்கிறது, எத்தனை பேர் விளையாடுகிறார்கள் என்று பார்த்து, நன்றாகப் போகும் கேமை இன்னும் பல பேருக்குக் காட்டும். போகாததை மெல்ல இறக்கிவிடும். விமர்சன மதிப்பெண் நாம் நினைக்கும் அளவுக்கு இந்தக் கணக்கில் இல்லை. மிக மோசமாக இருந்தால்தான் கீழே இழுக்கும். ஆனால் பணம் கொடுத்து வாங்கிய பத்துப் பேராவது விமர்சனம் எழுதும் வரை கடைப் பக்கத்தில் மதிப்பீடே வராது. இலவசக் கீ வாங்கிய நண்பர்கள் எழுதினால் எண்ணிக்கையில் சேராது. இந்த முதல் பத்து விமர்சனத்தில் சிக்கி நிற்கும் கேம்கள் ஏராளம்.

ஒவ்வொருவருக்கும் முகப்பு வேறு மாதிரி தெரியும் என்பதும் நினைவிருக்கட்டும். யார் என்ன விளையாடினார்கள் என்பதையும், கேமுக்கு நீங்கள் போட்ட டேகுகளையும் வைத்துப் பொருத்திப் பார்க்கிறது. புதிர் கேமுக்கு 'ஆக்‌ஷன்' என்று டேக் போட்டால் புதிர் பிடிக்காதவர்களிடம்தான் போய்ச் சேரும்.

டெமோ போட்டால் உதவுமா?

பெரும்பாலும் உதவும். வருடத்துக்கு மூன்று முறை 'நெக்ஸ்ட் ஃபெஸ்ட்' என்று டெமோக்களுக்கென்றே ஒரு வாரம் வைக்கிறார்கள். ஒரு கேம் ஒரே ஒரு முறைதான் கலந்துகொள்ள முடியும். அதனால் வெளியீட்டுக்கு ஒட்டினாற்போல் வரும் விழாவுக்கு வைத்துக்கொள்வது நல்லது. அரைகுறை டெமோவோடு அவசரப்பட்டுப் போனால் அந்த ஒரு வாய்ப்பும் போய்விடும்.

ஜிஓஜி இன்னும் ஆள் வைத்துத்தான் தேர்ந்தெடுக்கிறதா?

ஆமாம். போலந்து நாட்டுக் கடை, 2008ல் தொடங்கியது, காப்பிப் பூட்டு எதுவும் இல்லாமல் விற்பது அதன் அடையாளம். அனுப்பிய கேமை அங்கே ஒரு குழு பார்த்து முடிவு சொல்லும். ரசனை என்றால் தவறும் உண்டு. 'ஓபஸ் மேக்னம்' என்ற அருமையான புதிர் கேமை முதலில் வேண்டாம் என்றார்கள், சத்தம் கிளம்பியதும் 2018 ஜனவரியில் எடுத்துக்கொண்டார்கள்.

தைவானின் ரெட் கேண்டில் ஸ்டூடியோவுக்கு நடந்தது இன்னும் மோசம். அவர்களுடைய 'டிவோஷன்' 2019 பிப்ரவரியில் ஸ்டீமில் வந்தது. சீன அதிபரைக் கிண்டல் செய்யும் எழுத்துகள் கொண்ட ஒரு தாள் சுவரில் இருந்தது தெரிந்து எதிர்ப்பு கிளம்ப, ஒரு வாரத்துக்குள் கடையிலிருந்து இறங்கியது. 2020 டிசம்பரில் ஜிஓஜி அதை விற்கப்போவதாக அறிவித்தது. அன்றைக்கே, 'கேமர்களிடமிருந்து பல செய்திகள் வந்தன' என்று சொல்லிப் பின்வாங்கியது. கடைசியில் 2021ல் அந்த ஸ்டூடியோ தன் சொந்தத் தளத்திலேயே விற்றது.

சரி, ஜிஓஜி பயந்த கடை என்று முடிவு கட்டலாமா? 2025 டிசம்பரில் வந்த 'ஹார்சஸ்' என்ற இத்தாலிய கேமை ஸ்டீம் 2023லேயே மறுத்திருந்தது. ஆட்சேபம் வந்த காட்சியை மாற்றியும் மறுபரிசீலனை கிடைக்கவில்லை என்று ஸ்டூடியோ சொன்னது. எபிக் என்ற இன்னொரு கடையும் கடைசி நேரத்தில் கைவிரித்தது. ஜிஓஜிதான் முன்னிறுத்தி விற்றது. எல்லோருக்கும் திறந்த கடை, வடிகட்டும் கடை என்று பெயர் வைப்பதை வைத்து, ஒரு சிக்கலான கேமுக்கு எங்கே இடம் கிடைக்கும் என்று கணிக்க முடியாது.

எபிக் கடையில் நுழைவது கஷ்டமா?

இப்போது இல்லை. 2018 டிசம்பரில் 12 சதவீதம் மட்டுமே எடுப்போம் என்று வந்தார்கள், ஆனால் தாங்களே பொறுக்கித்தான் எடுத்தார்கள். 2023 மார்ச்சில் எல்லோருக்கும் திறந்தார்கள், கட்டணம் இங்கும் 100 டாலர். பல பேர் சேர்ந்து ஆடும் கேம் என்றால் மற்றக் கடைகளில் வாங்கியவர்களோடும் ஆட முடிய வேண்டும் என்பது அவர்களுடைய தனி நிபந்தனை. 2025 ஜூனிலிருந்து ஒரு கேமின் வருட வருமானத்தில் முதல் 10 லட்சம் டாலருக்குப் பங்கே எடுப்பதில்லை. ஸ்டீம் 30 சதவீதம் எடுக்கிறது. ஒரு கோடி டாலர் தாண்டினால் 25, ஐந்து கோடி தாண்டினால் 20. இண்டி ஆட்களில் பெரும்பாலோர் அந்த 30லேயே நிற்பவர்கள். இருந்தும் ஸ்டீமை விட்டு யாரும் நகரவில்லை, வாங்குபவர்கள் அங்கே இருப்பதால்.

கன்சோல்கள்?

நின்டெண்டோ, சோனி, மைக்ரோசாப்ட் மூன்றிலும் முதலில் நீங்கள் டெவலப்பராக ஏற்கப்பட வேண்டும். அப்புறம் கேம் தொழில்நுட்பப் பரிசோதனையில் தேற வேண்டும். நின்டெண்டோவில் இதற்கு லாட்செக் என்று பெயர். ஆடிக்கொண்டிருக்கும்போது கண்ட்ரோலரைப் பிடுங்கினால் என்ன ஆகிறது, சேமிக்கும்போது இடையில் நின்றால் என்ன ஆகிறது என்பது மாதிரி நீளமான பட்டியல். இங்கேயும் கேம் சுவையா என்பது கேள்வியில்லை.

ஒரு காலத்தில் இந்தப் பரிசோதனைக்குப் பணமும் கட்ட வேண்டியிருந்தது. 2012ல் 'ஃபெஸ்' கேமின் அப்டேட்டில் பிழை இருந்தும், மறுபடி பரிசோதனைக்கு ஆகும் செலவு கட்டுப்படியாகாது என்று செய்தவர்கள் அப்படியே விட்டார்கள். மறு வருடம் மைக்ரோசாப்ட் அந்தக் கட்டணத்தை எடுத்துவிட்டது.

எக்ஸ்பாக்ஸ் 360ல் 2008ல் தொடங்கிய இண்டி கேம்ஸ் பகுதி எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. உங்கள் கேமைச் சரிபார்ப்பவர்கள் உங்களைப் போன்ற மற்ற டெவலப்பர்களே. வருடச் சந்தா 99 டாலர். கடை முகப்பில் அதைத் தேடிக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு என்பதால் வாடிப்போய், 2017ல் மூடப்பட்டது.

ஸ்விட்ச் வந்த 2017ல் நின்டெண்டோ பொறுக்கி எடுத்தது, கடையில் கேம்கள் குறைவு, இண்டிகள் நன்றாக விற்றன. கதவு அகலத் திறந்ததும் விற்பனைப் பட்டியலில் ஏறுவதே ஒரு கலையானது. பட்டியல் டவுன்லோட் எண்ணிக்கையை வைத்து அமைந்ததால், 90 சதவீதம் தள்ளுபடி போட்டுச் சில சென்ட்டுக்கு விற்று மேலே ஏறினார்கள். நல்ல விலைக்கு விற்றவர்கள் கீழே போனார்கள்.

பப்ளிஷர் இருந்தால்தான் நடக்குமா?

இல்லை. தமிழ்க் குடும்பம் ஒன்று கனடாவில் குடியேறி வாழும் கதையைச் சமையல் வழியாகச் சொல்லும் 'வெண்பா'வை, டொராண்டோவின் விசை கேம்ஸ் தானே 2023ல் வெளியிட்டது. ஸ்டீம், ஸ்விட்ச், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் என்று எல்லாவற்றிலும் வந்தது, வெளியான அன்றே மைக்ரோசாப்டின் கேம் பாஸ் சந்தா சேவையிலும் இருந்தது. மறு வருடம் பாஃப்டாவில் சிறந்த அறிமுக கேம் விருதும் வாங்கியது. கேம் பாஸ் மாதிரியான சந்தா சேவைகளில் மட்டும் இன்னும் ஆட்கள்தான் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே தனித்துத் தெரியும் ஒரு சின்ன கேமுக்கு, நன்றாகச் செய்த நூற்றியோராவது ஜாம்பி கேமைவிட வாய்ப்பு அதிகம்.

இந்தியாவிலிருந்து விற்க ஏதாவது தனியாகச் செய்ய வேண்டுமா?

வங்கிக் கணக்கு, அடையாளச் சரிபார்ப்பு, அமெரிக்க வரிப் படிவம். பான் எண்ணைக் கொடுத்து இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தைக் குறிப்பிட மறக்காதீர்கள். மறந்தால் அமெரிக்காவில் விற்றதில் உங்கள் பங்கிலிருந்து 30 சதவீதம் பிடிப்பார்கள், குறிப்பிட்டால் அதில் பாதிதான்.

ஸ்டீமில் ஒரு விலை, வேறு கடையில் குறைந்த விலை வைக்கலாமா?

ஸ்டீம் கீயை வெளியே விற்பதாக இருந்தால், ஸ்டீமில் வாங்குபவருக்குக் கிடைக்காத மலிவு விலையில் விற்கக் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. கீ இல்லாத தனிப் பதிப்புக்கும் இதே அழுத்தம் இருக்கிறது என்று சொல்லி வுல்ஃபயர் என்ற இண்டி நிறுவனம் 2021ல் அமெரிக்காவில் வால்வ் மீது வழக்குப் போட்டது. எபிக்கில் பங்கு குறைவு என்பதற்காக அங்கே விலையைக் குறைக்க நினைப்பவர்கள், முதலில் ஸ்டீம் ஒப்பந்தத்தை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.